மகளுக்காக எழுதிய பதினொரு கொப்பிகள்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் பதினொரு சீ.ஆர். கொப்பிகள், கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பிகள், இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பழுப்புத் தாளில் உறை போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையின் உயிரியல், முழுப் பாடத்திட்டமும். கலத்தில் தொடங்கி சூழலியல் வரைக்கும். படங்கள் பென்சிலில், தலைப்புகள் சிவப்பில், முக்கியமான வரிகளின் கீழே பச்சைக் கோடு. உறையில் என் மகளின் பெயர் இருக்கிறது. எழுதியது முழுக்க நான். இத்தனைக்கும் நான் உயர்தர வகுப்பின் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் "என்னா பாசம்!" என்கிறார்கள். பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொப்பிகளுக்குள் பாசத்தைத் தவிர வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று தெரிய எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, மகள்தான் கண்டுபிடித்தாள்.

எல்லாம் அவளுடைய ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஆரம்பித்தது. கண்டி டவுனில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு நடக்கும். முன்வாங்குகளில் பிள்ளைகள், பின்வாங்குகளில் தாய்மார். வாத்தியார், எங்களுக்குச் சேர், கரும்பலகையில் எழுதும் வேகத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையால் எழுத முடியாது. ஆகவே பிள்ளை கேட்கும், அம்மா எழுதுவாள். இது நான் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. அந்த மாடியில் இருந்த அறுபது எழுபது அம்மாமாரும் மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்தால் பரீட்சை எங்களுக்கா பிள்ளைகளுக்கா என்று குழம்பிப் போவார்கள்.

ஒரு நாள் சேர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்புகின்றன, ஒன்று காலியாக்குகிறது, அந்த வகைக் கணக்கு. பிள்ளைகள் முழித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது என்னுடைய கை. தூக்கின பிறகுதான் எனக்கே தெரிந்தது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என் மகள் வெட்கத்தில் மேசைக்கடியில் குனிந்து, இல்லாத அழிறப்பரைத் தேடினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தாள். மற்ற அம்மாமார் அத்தோடு பேனையை மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. ஆறாம் வகுப்பில் விஞ்ஞானம், எட்டில் விஞ்ஞானம், பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் என்று அவள் கிறுக்கிக்கொண்டு வருவதை எல்லாம் நான் வேறு கொப்பியில் அழகாக எழுதிக் கொடுத்தேன். "இந்தக் கையெழுத்த வச்சி நாளைக்கு நீயே வாசிக்க மாட்ட. கொண்டா இங்க," என்று பிடுங்கி எழுதுவேன். எழுதும் நேரம் அவளுக்கு மிச்சமாகும், அந்த நேரத்தில் படிக்கலாம் என்பது நான் எல்லோருக்கும் சொன்ன நியாயம். உண்மையில் நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து சமையலறை மேசையில் அந்தக் கொப்பியைத் திறக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான் வேலை செய்வது டவுனில், தனியார் டொக்டர்மாரைப் பார்க்க நம்பர் எடுக்கும் ஒரு சேனலிங் நிலையத்தில். நோயாளிகளின் அட்டையைத் தேடி எடுத்து டொக்டரின் அறைக்கு அனுப்ப வேண்டும், நம்பர் கூப்பிட வேண்டும். கழுத்தில் குழாயைப் போட்டுக்கொண்டு இளம் டொக்டர் பிள்ளைகள் என் முன்னால் நடந்து போவார்கள். அவர்களில் ஒருத்தியாக என் மகளை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவள் வருகிறாள், நான் அட்டையை நீட்டுகிறேன், "தேங்க்யூ அம்மா" என்கிறாள். அதற்கு மேல் அந்தக் கனவில் எதுவும் நடக்காது. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

சாதாரண தரத்தில் அவளுக்கு எட்டு ஏ, ஒரு பி. என் கணவர் ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவர், அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு அவரே கேக் வாங்கி வந்தார். உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று பாடசாலையில் படிவம் கொடுத்திருந்தார்கள். மகள் அதை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நான் மெத்ஸ் செய்யப் போறேன்."

"மெத்ஸ் செஞ்சி?"

"எனக்குக் கரண்ட், சர்க்கிட் அதெல்லாம் புடிக்கும்மா. இன்ஜினியர் ஆகலாம். இல்லாட்டி வேற ஏதாச்சும்."

"பொம்பளப் புள்ள கம்பத்துல ஏறப் போறியா? பயோ செய். ஒனக்கு இருக்கிற மார்க்ஸுக்கு யாராச்சும் மெத்ஸ் செய்வாங்களா?"

அவள் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பேனையை எடுத்து உயிரியல் பிரிவு என்ற கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டேன். என் கணவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கேக்கை வெட்டினார். இதை எழுதும்போது அந்தப் பேனையை அன்றைக்கு யாராவது என் கையிலிருந்து பிடுங்கியிருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் பிடுங்கியிருந்தால் அந்த ஆளை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

என்னுடைய கதையையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், நீளமாக இல்லை. நான் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பாடசாலையில் சாதாரண தரம் எழுதி விஞ்ஞானத்தில் டி எடுத்தேன். அந்தக் காலத்தில் டி என்றால் அதிவிசேட சித்தி, இன்றைக்கு ஏ எடுப்பதைப் போல. அந்தப் பாடசாலையில் இருந்து அதற்கு முன்னால் யாரும் எடுக்கவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதென்றால் கண்டிக்கு வர வேண்டும். தினமும் வந்து போக பஸ் தோதுப்படாது, தங்குவதற்கு டவுனில் எங்களுக்கு ஆளில்லை. பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு இருந்தது. எனக்குக் கலைப்பிரிவு வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். படிப்பே நின்றது. இருபத்தொரு வயதில் கல்யாணம் ஆனது. யார் மீதும் பழி போட இடமில்லை, பிடிவாதம் என்னுடையது.

மகளின் உயர்தர டியூஷன் வகுப்புகளில் அம்மாமாரை உள்ளே விட மாட்டார்கள். நாங்கள் வெளியே நின்றோம். பூட்டிய கடைகளின் படிகளில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், தண்ணீர்ப் போத்தலும் மீன் வைத்த மாலு பணிஸும் பையில் இருக்கும். எங்களைப் போன்ற மலையக அம்மாமார், அக்குறணை, திகன பக்கத்து முஸ்லிம் அம்மாமார் என்று எல்லோரும் ஒரே படியில்தான். எந்தச் சேர் தியரிக்கு நல்லது, எந்தச் சேர் பேப்பர் கிளாஸில் சொன்ன கேள்வி அப்படியே வந்தது, போன வருடம் பல்கலைக்கழகம் போக கண்டி மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எங்கே நின்றது என்பதெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நாடாளுமன்றத்தில் இருப்பவர்களுக்குக்கூட நாட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்திருக்காது. பிள்ளைகள் வெளியே வந்ததும் முதல் கேள்வி "இன்னைக்கு என்னா செஞ்சாங்க?" என்பது. "பசிக்குதா?" என்பது இரண்டாவது கேள்வி. நான் வெட்கத்தோடு சொல்கிறேன், நான் பல நாள் இரண்டாவது கேள்வியைக் கேட்டதேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கிறுக்கிய நோட்ஸை வாங்கி எழுத ஆரம்பிப்பேன். ஒளித்தொகுப்பு, அதாவது இலை வெயிலில் உணவு தயாரிப்பது, பற்றி எழுதிய இரவு சாப்பாட்டுக்கு வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்படி ஒரு பாடம் அது. ஒரு இலைக்குள்ளே இவ்வளவு வேலை நடக்கிறதா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு எழுதினேன். நான் பிறந்ததிலிருந்து இலைகளுக்கு நடுவில் வளர்ந்தவள், கொழுந்து பறிக்கிறவளின் மகள், எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. மகளிடம் சந்தோஷமாகச் சொல்லப் போனேன். அவள் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை பெறுபேறு வந்தது. உயிரியல் எஸ், இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் சி. எஸ் என்றால் சாதாரண சித்தி, தோற்காமல் தப்பியது. படியில் உட்காரும் அம்மாமாரிடம் "காய்ச்சலோட எழுதினா" என்று பொய் சொன்னேன். இரண்டாம் தடவை எழுதினாள். உயிரியல் மறுபடி எஸ், இரசாயனவியல் சி, பௌதிகவியல் பி. பௌதிகவியலில் எப்படி பி வந்தது என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். நான் உயிரியலில் ஏன் எஸ் என்று மட்டும் யோசித்தேன். இத்தனை அழகாக நோட்ஸ் எழுதிக் கொடுத்தும் இந்தப் பிள்ளைக்கு ஏன் ஏறவில்லை என்று கோபம்.

அந்த இரண்டாம் தடவை ஒரு காரியம் செய்தேன். பரீட்சை முடிந்து அவள் கொண்டு வந்த உயிரியல் பல்தேர்வு வினாத்தாளை எடுத்து, அவளும் என் கணவரும் வெளியே போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து ஐம்பது கேள்விக்கும் வேறொரு தாளில் பென்சிலால் விடை எழுதினேன். எழுதின தாளை மடித்து பதினோராவது கொப்பியின் உறைக்குள் செருகி வைத்தேன். விடைகள் வெளிவந்தபோதும் அதைத் திருத்திப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை எழுதலாம். அதற்கு மேல் கிடையாது. மகள் "போதும்மா" என்றாள். நான் "நல்லா யோசி" என்றேன். நல்லா யோசி என்று ஓர் அம்மா சொன்னால் நான் சொன்னதைச் செய் என்று அர்த்தம், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் டவுன் நூலகத்துக்குப் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அவள் மனம் மாறிவிட்டது என்று நினைத்து, அவளிடம் கேட்காமலே இன்டர்நெட் வசதியுள்ள கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அவளுடைய விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். ஆக, அவள் எனக்கு ஒன்றை ஒளித்தாள், நான் அவளுக்கு ஒன்றை ஒளித்தேன்.

எங்கள் வீடு கண்டியிலிருந்து திகன போகும் வீதியில் இருக்கிறது. டவுனுக்குப் போகிறவர்கள் வீதியின் இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், திகனவுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம். ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். நூலகத்துக்குப் போகிறேன் என்று எனக்கு முன்பே புறப்பட்ட மகள் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தொரு வயதுப் பெண் பொய் சொல்லிவிட்டு எங்கே போகிறாள் என்றால் ஒரு தாய்க்கு என்னென்ன தோன்றுமோ அத்தனையும் தோன்றியது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, வீதியைக் கடந்து, அவள் ஏறப்போகும் பஸ் போனதும் அதன் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினேன். நல்ல வேளையாக இரண்டு பஸ்களும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. திகனவில் அவள் இறங்குவதைப் பார்த்து நானும் இறங்கி, கொஞ்சம் தள்ளிப் பின்னால் நடந்தேன்.

அவள் போய் நுழைந்தது ஒரு தொழிற்பயிற்சி நிலையம். பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனேன். நீளமான கொட்டகை, பலகைச் சுவர் முழுவதும் வயர்களும் சுவிட்சுகளும். பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள். நடுவில் ஓர் ஏணியின் உச்சியில் நீல வேலை அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு என் மகள், வாயில் இரண்டு ஆணியைக் கடித்தபடி, சுவரில் பைப் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். கொப்பிக்கு முன்னால் அந்த முகத்தில் நான் ஒருநாளும் காணாத ஒன்று இருந்தது. அவள் விழித்திருந்தாள். இப்படித்தான் எனக்கு அதைச் சொல்லத் தெரிகிறது.

பயிற்சி கொடுக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், என்னைக் கண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"வாங்கொ தங்கச்சி, யாரத் தேடுற?"

"அந்தப் புள்ளையோட அம்மா நானா."

"மாஷா அல்லாஹ்! ஒங்கட மகளா? நல்ல கெட்டிக்காரி. எட்டு மாசம் ஈக்கிது இங்க வந்து. கை சுத்தம், பயமில்ல. இந்தப் பொடியன்மாருக்கு நான் அவளத்தான் காட்டிக் காட்டி ஏசுற."

எட்டு மாதம். நான் அவரிடம் சிரித்து வைத்தேன். மகளைக் கூப்பிட்டு, "வீட்டுக்கு வா" என்று இரண்டே வார்த்தை சொன்னேன். பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து வந்தோம்.

வீட்டில் பேசினோம். பேசினோம் என்பது மரியாதையான வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள். "வயர் இழுக்கவா ஒன்ன இவ்ளோ படிக்க வச்சேன்? ஆம்பளைங்களுக்கு நடுவுல ஏணியில நின்னுக்கிட்டு!" என்று கத்தினேன். வேலையிலிருந்து வந்த கணவர் கதவோரமாகச் செருப்பைக் கழற்றினார். "ஒங்க மக என்னா செய்றா தெரியுமா?" என்று அவர் மீது பாய்ந்தேன்.

"தெரியும்," என்றார் அவர். "நான்தான் பாரத்துல கையெழுத்துப் போட்டேன்."

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அந்த மனுசர் எனக்கு மறைத்த முதல் விசயம் அது. இரண்டு நாள் அவருக்கு பிளேன்டீகூடப் போடவில்லை. அவரே போட்டுக் குடித்துக்கொண்டார், எனக்கும் ஒரு கோப்பை வைத்தார். நான் அதைக் குடிக்கவில்லை.

உயர்தரப் பரீட்சையின் அனுமதி அட்டை தபாலில் வந்தபோது என்னுடைய ஒளிப்பும் வெளியே வந்தது. மகள் அதை வாசித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் கத்தவில்லை. நாட்காட்டியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். உயிரியல் முதலாம் பத்திரம் இருக்கும் அதே நாள், அதே காலை, திகனவில் அவளுடைய செயல்முறைப் பரீட்சை. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார், வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். அன்றைக்குப் போகாவிட்டால் எட்டு மாதமும் வீண், சான்றிதழுக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க," என்றாள்.

"நீதான் என் பேச்சக் கேக்க மாட்டியே. ஒன் இஷ்டத்துக்குப் போயேன்."

"எட்டு மாசம் ஒளிச்சி ஒளிச்சிப் போனது போதும்மா. நீங்க சொல்லாம நான் அங்க போக மாட்டேன். பயோ எழுதுன்னு சொன்னா எழுதுறேன். எஸ்தான் எடுப்பேன், அதையும் சொல்லிட்டேன்."

எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அவள் தன்னைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டாள். பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது. "எழுது" என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அலுமாரியைத் திறந்து கொப்பிகளை எடுத்தாள்.

மூன்று நாள் அவள் உண்மையாகவே படித்தாள். நாலாம் நாள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது சமையலறை மேசையில் பதினோராவது கொப்பி திறந்து கிடந்தது. அதன் மேலே என்னுடைய விடைத்தாள். அதில் சிவப்புப் பேனையால் சரி பிழை போட்டு, மேலே வட்டத்துக்குள் முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தது. மகள் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்ப செஞ்சீங்க?"

"சும்மா. பொழுது போகாம."

"அம்மா, அதே பேப்பர்ல எனக்கு இருபத்திரண்டு. விடை வந்ததும் நானே பாத்தேன். ஒங்களுக்கு முப்பத்தொன்பது. கிளாஸ் போகாம, சேர் இல்லாம." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நான் தூங்கின பொறகு நீங்க ஒக்காந்து எழுதுறத நான் எத்தன நாள் பாத்திருக்கேன் தெரியுமா? சிரிச்சிக்கிட்டு எழுதுவீங்க. எனக்குப் பொறாமையா இருக்கும். எனக்கு அது வரல்லம்மா. ஒங்களுக்கு வருது. நான் என்னா செய்யட்டும்?"

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரும்போது எனக்கு முதலில் கோபம்தான் வரும். "ஒனக்குப் புடிக்காததுக்கு என்னைக் காரணம் சொல்லாத," என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் துணிகளை எடுத்தேன். காய்ந்ததையும் எடுத்தேன், காயாததையும் எடுத்தேன். முப்பத்தொன்பது என்ற எண் மட்டும் தலைக்குள் நின்றது. அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் சமையலறையில் அழுதுகொண்டிருக்கிறாள், நான் கொடியடியில் நின்று மனசுக்குள் ஐம்பதுக்கு முப்பத்தொன்பது என்று குதிக்கிறேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினாறு வயதில் கலஹாவில் நின்றுபோன ஒருத்தி இத்தனை வருடமும் என் மகளின் முதுகில் ஏறிக்கொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறாள். இறங்கு என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவள் நான்தானே.

விளங்கியதும் உடனே திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மிச்சமிருந்த ஏழு நாளும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது. மூன்றாம் தடவையும் போய்விட்டால் அந்த வீட்டில் இனி உயிரியல் என்று ஒன்று இருக்காது, வெள்ளைக் கோட்டு இருக்காது, நான் நீட்டும் அட்டையை வாங்க யாரும் வர மாட்டார்கள். அவள் படித்துக்கொண்டே இருந்தாள். கணவர் ஒருமுறை மட்டும் "அந்தப் புள்ள கொட்டகைக்கு வரலையேன்னு திகன நானா கடைக்கு கோல் எடுத்தாரு," என்றார்.

பரீட்சை நாள் காலை இரண்டு பேரும் ஒன்றாகப் புறப்பட்டோம். நான் வேலைக்கு, அவள் பரீட்சைக்கு. டவுனுக்குப் போகும் பக்கத்தில் நின்றோம். அனுமதி அட்டை என் கைப்பையில் இருந்தது. அவள் வெள்ளை பிளவுஸ் உடுத்து, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். ஒரு கையில் பேனைப் பை. மற்ற கை சும்மா இருக்கவில்லை, பிளவுஸின் கீழ் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது. அவளுடைய கருவிப் பை அவள் தோளில் தொங்கியது. அதை ஏன் கொண்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பஸ் வந்து நின்றது. "நகின்ட, நகின்ட!" என்று கொண்டக்டர் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்திருந்தால் ஒருவேளை நான் ஏறச் சொல்லியிருப்பேன். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. நான் சொன்னால் ஏறிவிடுவாள், அவ்வளவுதான். என் பிள்ளை இவ்வளவு அடங்கிப்போய் நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொன்னேன். கொண்டக்டர் ஏதோ திட்டிக்கொண்டே போனார்.

"வா, ரோட்டக் கடப்போம்," என்றேன்.

அவள் அசையவில்லை. "அம்மா, நெசமாவா?"

"நெசமாத்தான். நேரம் போகுது. டெஸ்டர் எடுத்தியா?"

அவள் கருவிப் பையைத் தட்டிக் காட்டினாள். கண் முழுக்கத் தண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு. அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கடந்தேன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கடத்துவது போல. திகன பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் வளைவில் மறையும் வரைக்கும் கையை ஆட்டினாள்.

நான் தனியாக வீதியைக் கடந்து வந்து வேலைக்குப் போனேன். எட்டரைக்கு வினாத்தாள் கொடுப்பார்கள். எட்டரை மணிக்கு நான் அட்டை ராக்கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். டவுனில் எங்கேயோ ஒரு மண்டபத்தில் ஒரு மேசை வெறுமையாக இருக்கிறது, அதன் மூலையில் என் மகளின் சுட்டெண் ஒட்டியிருக்கிறது, மேற்பார்வையாளர் அதைப் பார்த்து வரவில்லை என்று குறித்துக்கொண்டு போகிறார். இது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அன்றைக்கு எத்தனை அட்டைகளை மாற்றிக் கொடுத்தேன் என்று தெரியாது. எலும்பு டொக்டருக்குத் தோல் நோயாளி போய்விட்டார், தோல் டொக்டரிடம் கால் முறிந்தவர் போய் நின்றார்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. சனம் வரிசையில் நிற்கிறது, நான் எடுத்தேன்.

"அம்மா! படிக்கட்டுக்கு ரெண்டு பக்கம் சுவிட்ச் போடுற சர்க்கிட் கேட்டாங்க. பல்ப் எரிஞ்சிச்சும்மா! மொதத் தடவையே எரிஞ்சிச்சு!"

"பாஸா?"

"பாஸுன்னு சொல்லிட்டாங்க. சர்டிபிகேட் பொறகு வரும்."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன் ஒங்க கொரல் ஒரு மாதிரியா இருக்கு? அழுதீங்களா?"

"இல்ல."

"பொய்."

"சரி, அழுதேன்," என்றேன். வரிசையில் முதலில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தன் நம்பர்த் துண்டை மெதுவாகக் கீழே இறக்கினார். "ஒனக்காக இல்லடி. நீ எனக்குச் சந்தோஷம். எனக்காக அழுதேன். எனக்கு அந்த பயோ பேப்பர எழுதணும்னு ஆசையா இருந்திச்சு."

"தெரியும்மா," என்றாள் மகள். "அழுங்க. நான் ஃபோன வைக்கல."